பரணில் கிடக்கும் கம்ப்யூட்டரை ரூட்டராக்கலாமா?

கேள்வி: கீழே ஹாலில் ஃபைபர் பெட்டி இருக்கிறது. மாடியில் மகன் அறையில் வீடியோ கால் விட்டுவிட்டு வருகிறது. பரணில் கிடக்கும் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரூட்டர் மென்பொருளைப் போட்டு நாமே ரூட்டர் செய்துவிடலாம், செலவே இல்லை என்கிறான். சரியா?
- வாசகர், திருநகர், மதுரை

பதில்: ரூட்டர் தாராளமாகச் செய்யலாம். ஆனால் அதனால் மாடிக்கு வைஃபை ஏறாது. லேப்டாப்பை ஃபைபர் பெட்டியில் கேபிள் போட்டு இணைத்து வேகம் பாருங்கள். கட்டும் பணத்துக்கு ஏற்ற வேகம் வந்தால், பழி ரூட்டர் மேல் இல்லை. நடுவில் நிற்கும் கான்கிரீட் தளத்தின் மேல்தான்.

'செலவே இல்லை' என்பதும் அவ்வளவு சரியில்லை. பழைய டெஸ்க்டாப் 40 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். ராத்திரி பகலாக ஓடினால் 2 மாத பில்லில் ஏறக்குறைய 58 யூனிட். 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீடு என்றால் ஸ்லாபே மாறிவிடும். 10 வாட்டில் ஓடும் மினி பிசிக்கு 14 யூனிட்தான் ஆகும், ஆனால் அதற்குத் தனியாகக் காசு.

ரூட்டருக்கு 2 லேன் போர்ட் (நெட் கேபிள் சொருகும் இடம்) வேண்டும், நெட் உள்ளே வர ஒன்று, வீட்டுக்குள் போக ஒன்று. பழைய கம்ப்யூட்டரில் ஒன்றுதான் இருக்கும். இன்டெல் சிப் உள்ள லேன் கார்டு வாங்குங்கள். யூஎஸ்பியில் சொருகும் அடாப்டர் அவசரத்துக்குச் சரி, நாள் முழுக்க ஓட அதை நம்ப மாட்டேன். எங்கே வாங்கினாலும் பில் கேளுங்கள். பில் இல்லாமல் நான் வாங்கிய செகண்ட்ஹேண்ட் கார்டு இரண்டே வாரத்தில் படுத்துவிட்டது. கடையில் போய்க் கேட்க என் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

என் யோசனை: முதலில் கேட் 6 நெட் கேபிளை மாடிக்கு இழுத்து, அங்கே ஒரு ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகப் பரப்பும் பெட்டி) வையுங்கள். பழைய வைஃபை ரூட்டர் வீட்டில் சும்மா கிடந்தால் அதுவே போதும். அதில் டிஹெச்சிபியை (ஒவ்வொரு கருவிக்கும் முகவரி கொடுக்கும் வசதி) அணைத்து, முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள் (ஃபைபர் பெட்டி 192.168.1.1-ல் இருந்தால்). அப்புறம் கீழிருந்து வரும் கேபிளை வேன் (WAN) போர்ட்டில், அதாவது வெளியிலிருந்து வரும் இணைப்புக்கான போர்ட்டில், சொருகாமல் லேன் போர்ட்டில் சொருகுங்கள். பலரும் கோட்டை விடும் இடம் இதுதான்.

அதன் பிறகும் மகனுக்கு ஆசை இருந்தால் செய்யட்டும், நல்ல பாடம். விளம்பரங்களைத் தடுக்கலாம், தம்பி தங்கையின் டேப்லெட்டுக்கு நேரக் கட்டுப்பாடு வைக்கலாம். இணைப்பு தந்தவர்களிடம் ஃபைபர் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு (பெட்டி ரூட்டர் வேலை பார்க்காமல் நெட்டை அப்படியே கடத்திவிடும் முறை) மாற்றச் சொல்லி, இணைப்புக்குள் நுழைய வேண்டிய பிபிபிஓஇ பெயரும் பாஸ்வேர்டும் கேளுங்கள். மாற்ற மறுத்தால், மகன் செய்யும் ரூட்டருக்கு 192.168.10.1 கொடுங்கள். ஓபன்டபிள்யூஆர்டியும் முதலில் 192.168.1.1-ல்தான் வந்து உட்காரும். பெட்டியும் அதே முகவரி என்றால் இரண்டும் முட்டிக்கொண்டு நெட் வராது.

ஃபைபர் பெட்டி, ரூட்டர், ஆக்சஸ் பாயின்ட் மூன்றையும் இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள். ஒன்று விட்டுப்போனாலும் கரண்ட் போகிற நேரத்தில் மாடியில் நெட் இருக்காது.