கொழுப்பு மாத்திரையும் மைக்ரோஆர்என்ஏ பவுடரும்

ஐயா, வணக்கம்.
தோட்டத்தில் மண்டோராக இருந்த என் அப்பாவுக்கு அரசாங்க கிளினிக்கில் இரவுக்கு 20 மில்லிகிராம் சிம்வாஸ்டாடின் (கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் வகை மாத்திரை) கொடுத்திருக்கிறார்கள். நேரடி விற்பனை செய்யும் ஒருவர், “கொழுப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் மைக்ரோஆர்என்ஏதான். அதைச் சரிசெய்ய எங்களிடம் பவுடர் உண்டு, மாத்திரை வேண்டாம்” என்கிறார். உண்மையா?
— ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

அன்புள்ள வாசகருக்கு,

பாதி உண்மை. மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

மைக்ரோஆர்என்ஏ என்பது ஏறத்தாழ 22 எழுத்து நீளமுள்ள ஆர்என்ஏ துணுக்கு. மரபணுவின் செய்தியைச் சுமந்துவரும் தூது ஆர்என்ஏவில் ஒட்டிக்கொண்டு, அதிலிருந்து புரதம் உருவாகாமல் அடக்கும். கொழுப்பு விஷயத்தில் அதிகம் ஆராயப்பட்டது மைக்ரோஆர்என்ஏ-33ஏ. செல்லில் கொலஸ்ட்ரால் குறைந்தால் உற்பத்தியை முடுக்கிவிடும் எஸ்ஆர்இபிஎஃப்2 மரபணுவுக்குள்ளேயே அது உட்கார்ந்திருக்கிறது. மரபணு இயங்கினால் இதுவும் கூடவே வெளிவரும். வந்து, கொலஸ்ட்ராலைச் செல்லிலிருந்து எச்டிஎல்லுக்கு (நல்ல கொலஸ்ட்ரால் என்பார்கள்) ஏற்றிவிடும் ஏபிசிஏ1 புரதத்தைக் குறைத்துவிடும். உற்பத்தியும் கூடுகிறது, வெளியேறும் வழியும் அடைபடுகிறது. 2010-இல் தெரியவந்த இந்த ஏற்பாடு எனக்கு இன்னும் வியப்புதான்.

33-ஐ அடக்கினால் தீர்ந்ததா? 2011-இல் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்குகளில் எச்டிஎல் ஏறியது, இரத்தத்திலுள்ள இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு இறங்கியது. ஆனால் கொழுப்புத் தீனி தின்ற சுண்டெலிகளில் நீண்ட நாள் அடக்கியபோது ட்ரைகிளிசரைடு ஏறி, ஈரலில் கொழுப்பு படிந்தது. சுண்டெலிக்கு 33ஏ-வின் ஜோடியான 33பி கிடையாது, நமக்கு உண்டு. ஆகவே எலிக் கணக்கு மனிதருக்கு அப்படியே செல்லாது. ஈரலில் மிகுந்திருக்கும் மைக்ரோஆர்என்ஏ-122-ஐ அடக்கினாலும் கொலஸ்ட்ரால் இறங்கும். அது அறவே இல்லாத சுண்டெலிகளுக்கோ ஈரலில் புற்று வந்தது. ஒரு துணுக்கு நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தொடுவதால் வரும் வினை இது.

கொழுப்புக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மைக்ரோஆர்என்ஏ மருந்து எதுவும் இல்லை. இன்க்ளிசிரான் என்ற கொலஸ்ட்ரால் ஊசி வேறு: ஈரல் கெட்ட கொலஸ்ட்ராலை அகற்றுவதைத் தடுக்கும் பிசிஎஸ்கே9 புரதத்தை மட்டும் குறிவைக்கும் செயற்கை ஆர்என்ஏ. முதல் ஊசி, 3 மாதத்தில் அடுத்தது, பிறகு 6 மாதத்துக்கு ஒன்று. வாயால் விழுங்கும் ஆர்என்ஏ குடலில் சிதைந்துவிடும். இன்க்ளிசிரான் ஊசியாக வருவது அதனால்தான்.

அப்பாவுக்கு மாத்திரை தொடங்கி 4 முதல் 12 வாரத்துக்குள் இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். ட்ரைகிளிசரைடு சரியாகத் தெரிய, 9 முதல் 12 மணி நேரம் வெறும் தண்ணீர்தான். தே தாரிக் குடித்துவிட்டுப் போனால் கூடுதலாகக் காட்டும். யாராவது கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினால் சிம்வாஸ்டாடின் எடுப்பதைச் சொல்லுங்கள், இரண்டும் சேர்ந்தால் தசை சிதையலாம். உடம்பு வலியோடு சிறுநீர் கறுத்தால் அன்றே கிளினிக்.

பவுடர் டின்னின் லேபலையும் மருத்துவரிடம் காட்டுங்கள். சிவப்பு ஈஸ்ட் அரிசி என்று போட்டிருந்தால் அதிலுள்ள மொனகோலின் கே வேறொன்றுமில்லை, லோவாஸ்டாடின் என்ற இன்னொரு ஸ்டாடின். மாத்திரையோடு அதையும் சாப்பிட்டால் ஸ்டாடின் அளவு கூடிவிடும்.