பீரோவில் கிடக்கும் நம்பர்

*வணக்கம் மேடம். எனக்கு வயது 31. சென்னையில் ஐ.டி. வேலை. சொந்த ஊர் மதுரை. அப்பா இல்லை, அம்மா தனியாக இருக்கிறார். போன செப்டம்பர் கடைசியில் ஆபீஸ் ட்ரெயினிங்குக்காக கோபன்ஹேகன் போனேன். ஷெங்கன் விசா கையில் இருந்ததால் அது முடிந்ததும் நான்கு நாள் லீவு போட்டு ஐஸ்லாந்து போய்விட்டேன், தனியாக. ரெய்க்யாவிக்கிலிருந்து ஒரு மணி நேரம் கார் ஓட்டிப் போய் க்ளிமூர் அருவிக்கு நடந்தேன். 198 மீட்டர் உயரம்! ஆற்றின் குறுக்கே ஒரே ஒரு மரக்கட்டை, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. அதைக் கடந்து ஏறி, அருவிக்கு மேலே ஆற்றில் இறங்கி நடந்து மறுபக்கமாக இறங்கினேன். கீழே வந்தபோது இருட்டிவிட்டது. என் கார் மட்டும்தான் நின்றது. எனக்குப் பயமே வரவில்லை.*

*அம்மாவிடம் ட்ரெயினிங்கை நீட்டித்துவிட்டார்கள் என்று சொல்லியிருந்தேன். அவருக்கு பி.பி. இருக்கிறது. அதனால்தான் இன்ஷூரன்ஸ், வாடகைக் கார் என்று எல்லா ஃபாரத்திலும் அவசரத் தொடர்பு என்ற இடத்தில் என் பழைய நம்பரையே போட்டேன். அந்த போன் சென்னை வீட்டு பீரோவில் கிடக்கிறது. திரும்பி வந்து நான் போட்ட போட்டோவை அண்ணன் மகள் அம்மாவிடம் காட்டிவிட்டாள். (அண்ணனோடு இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை, அது வேறு கதை.) ஒரு மாதமாக அம்மா என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. ஒரு பெண் தனியாக ஊர் சுற்றினால் குற்றமா? அம்மாவுக்கு எப்படிப் புரியவைப்பது? அடுத்த வருடம் நார்வே போவதாக இருக்கிறேன்.*

*— பெயர் வேண்டாம், சென்னை (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)*

“குற்றமே இல்லை கண்ணே” என்று நான் எழுதுவேன், அதை வெட்டி அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்று காத்திருக்கிறாய். இந்தப் பக்கத்துக்கு மாதம் ஒரு கடிதமாவது இந்த ரகத்தில் வருகிறது. மணாலி, லடாக், பாலி, இப்போது ஐஸ்லாந்து. ஊர்தான் மாறுகிறது. 31 வயது, சொந்தச் சம்பாத்தியம், போக உனக்கு யார் அனுமதியும் வேண்டாம். அந்தக் கேள்வி அவ்வளவுதான்.

பீரோவுக்கு வருகிறேன்.

நீ எழுதியது ஆறு பக்கம். அருவிக்கு இரண்டு பக்கம், அந்த ஊர்த் திமிங்கலக் கதைக்கு அரைப் பக்கம், அம்மாவின் பழைய காலத்துப் புத்திக்கு ஒன்றரைப் பக்கம். பீரோவுக்கு இரண்டே வரி. அதை ஏதோ சமர்த்தான வேலை செய்ததுபோல் எழுதியிருக்கிறாய். நான் அந்த இரண்டு வரியை மூன்று தடவை படித்தேன்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம், வா. நீ நடந்தது புதன்கிழமை. மதியம் இரண்டரைக்குக் கார் நிறுத்தத்திலிருந்து அம்மாவுக்கு “க்ளாஸ்ல இருக்கேன்மா, நாளைக்குப் பேசறேன்” என்று மெசேஜ் அனுப்பிவிட்டு ஏற ஆரம்பித்தாய். மேல் ஆற்றில் இறங்கியபோது ஐந்தரை. அங்கே கால் பிசகி, கணுக்கால் முறிந்து, ஒரு பாறையோரம் உட்கார்ந்திருக்கிறாய் என்று வைத்துக்கொள். அதற்கு மேல் நான் கற்பனை செய்யவில்லை. சிக்னல் வந்து வந்து போனது என்று நீயே எழுதியிருக்கிறாய். ஏழு மணி தாண்டியதும் சூரியன் இறங்கிவிடும். அங்கே ஏழு என்றால் மதுரையில் நள்ளிரவு பன்னிரண்டரை. மகள் க்ளாஸில் இருந்தாள், இப்போது தூங்கியிருப்பாள் என்று நினைத்து உன் அம்மாவும் தூங்குகிறார்.

வியாழன் காலை எட்டு மணிக்கு வழக்கம்போல் போன் அடிக்கிறார். எடுக்கவில்லை. களைப்பில் தூங்குகிறாள் போல. மதியம் ஒரு தடவை. சாயங்காலம் நாலு தடவை. ராத்திரி மகனைக் கூப்பிடுகிறார். ஹோட்டல் பெயர் அவருக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. யார் யாரையோ பிடித்து, வெள்ளிக்கிழமை அவன் கோபன்ஹேகன் இந்தியத் தூதரகத்துக்கு போன் போடுகிறான். டென்மார்க் போலீஸ் உன்னைத் தேட ஆரம்பிக்கிறது. நீ உட்கார்ந்திருப்பது அங்கிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், அட்லாண்டிக்கில் ஒரு தீவில்.

ஐஸ்லாந்தில் உன்னை முதலில் தேடியிருக்கக்கூடிய ஆள் யார் தெரியுமா? வாடகைக் கார்க்காரர். வெள்ளி சாயங்காலம் நீ சாவியைத் திருப்பித் தர வேண்டும். வரவில்லை என்றால் முதலில் உன் கார்டில் இன்னொரு நாள் வாடகையை எடுத்திருப்பார். அப்புறம் ஃபாரத்தைப் புரட்டி, அவசர நம்பருக்கு அடித்திருப்பார். இங்கே பூட்டின வீடு, பூட்டின பீரோ, பழைய பாஸ்புக்குக்கும் சுங்குடிச் சேலைக்கும் நடுவே சார்ஜ் இறங்கிப்போன ஒரு போன். உன் அவசரத்துக்கு நீயே பதில் சொல்லவேண்டிய ஏற்பாடு. என்ன மூளை இது?

எனக்கு ஊர் தென்காசிப் பக்கம். 1986-ல், குற்றாலத்தில் சீசன் நேரம், என் தம்பி ஸ்பெஷல் க்ளாஸ் என்று சொல்லிவிட்டுத் தேனருவிக்குப் போய்விட்டான். மேலே மழை பிடித்துக் காட்டாறு ஏறிவிட்டது. இறங்க முடியாமல் செண்பகாதேவி கோயிலில் ஒண்டிக்கொண்டான். நாங்கள் ராத்திரி முழுக்க எங்கெல்லாம் தேடினோம் தெரியுமா? பள்ளிக்கூடம், டியூஷன் வாத்தியார் வீடு, சினிமாக் கொட்டகை, கடைசியில் ரயில் தண்டவாளம். அருவிப் பக்கம் ஒருத்தர் போகவில்லை. க்ளாஸுக்குப் போன பையனை அருவியில் யார் தேடுவார்? தண்டவாளத்தோரம் அப்பா டார்ச் அடித்துக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே போனார். நான் பின்னால் அவர் செருப்புச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அவர் எதைத் தேடுகிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

மறுநாள் பத்து மணிக்கு ஈர டவுசரோடு வந்து நின்றான். அப்பா அடிக்கவில்லை. “சாப்ட்டியாடே” என்றுதான் கேட்டார். ஆனால் அதற்கப்புறம் அவன் கோயிலுக்குப் போகிறேன் என்றாலும் தெருமுனை வரை வந்து, எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போவார். அவனுக்குக் கல்யாணம் ஆன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

உன் அம்மா இப்போது அந்தத் தெருமுனையில் நிற்கிறார். நீ தனியாக நடந்ததற்காக அவர் பேசாமல் இருக்கிறார் என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். அவர் வாயால் அப்படிச் சொன்னதாக ஒரு வரிகூட அதில் இல்லையே! “க்ளாஸ்ல இருக்கேன்மா” என்று நீ நேற்று அனுப்பியிருந்தாலும், எந்த நாட்டில் என்றுதான் அவருக்கு இனி யோசனை ஓடும்.

அந்தத் திமிங்கலக் கதையை ரசித்து எழுதியிருந்தாய். சிவப்புத் தலைத் திமிங்கலம், அருவி வழியாகவே நீந்தி ஏறியது, அப்போது எழுந்த இரைச்சலால்தான் க்ளிமூர் என்று பெயர், மேலே ஏரிக்குப் போய் ஓய்ந்து செத்தது. எல்லாம் சரி. அதைக் கடலிலிருந்து ஆற்றுக்கு, ஆற்றிலிருந்து அருவிக்கு விரட்டியது யார் என்பதை விட்டுவிட்டாயே! கண் தெரியாத ஒரு கிழப் பாதிரியார். மீன் பிடிக்கப் போன அவருடைய பிள்ளைகளை அந்தத் திமிங்கலம் மூழ்கடித்துவிட்டது. பிள்ளை வீடு திரும்பாத ஒரு அப்பன், கையில் கோலோடு மலை வரைக்கும் நடந்த கதை அது. உனக்குத் திமிங்கலம்தான் கண்ணில் பட்டிருக்கிறது.

இன்னொரு கூட்டமும் உன் கண்ணில் படவில்லை. ஐஸ்லாந்துக்கு ராணுவம் கிடையாது. மலையிலும் பனியிலும் மாட்டிக்கொண்டவர்களைத் தேடிப் போகிறவர்கள் லாண்ட்ஸ்பியோர்க் என்ற மீட்பு அமைப்பின் தொண்டர்கள். சம்பளம் கிடையாது. தச்சு வேலை செய்கிறவர், வாத்தியார், கடை வைத்திருப்பவர் எல்லாம் அழைப்பு வந்ததும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கிளம்புவார்கள். 1918-ல் வெஸ்ட்மன் தீவுகளில், கடலோடிகளுக்காக முதல் குழு உண்டானது. செலவுக்குப் புத்தாண்டுக்குப் பட்டாசு விற்றுக் காசு சேர்க்கிறார்கள். நமக்குத் தீபாவளிபோல அந்த ஊரே டிசம்பர் 31 ராத்திரி வெடித்துத் தீர்க்கும். அந்தக் காசில்தான் கயிறும் ஜீப்பும். யாரோ பெற்ற பிள்ளை சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு, உன்னைத் தேடி இருட்டில் ஆற்றில் இறங்குவான். அவனுக்கு நீ பட்ட குறைந்தபட்சக் கடன் ஒரு சரியான போன் நம்பர். எங்கே போகிறேன், எப்போது திரும்புவேன் என்று எழுதி வைக்க சேஃப்டிராவல் என்று ஒரு தளமே நடத்துகிறார்கள். இடத்தோடு சேர்த்து உதவி கேட்க 112 என்று ஒரு ஆப் இருக்கிறது. அருவியின் உயரத்தை மீட்டர் சுத்தமாகத் தெரிந்துகொண்ட உனக்கு இது கண்ணில் படாமல் போயிருக்காது.

நடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏழு கிலோமீட்டர் சுற்று, மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும் வழி, செப்டம்பர் கடைசி, மதியம் இரண்டரைக்கு ஏறுவார்களா? காலையில் போயிருக்க வேண்டும். வந்த வழியே திரும்பியிருந்தால் அந்த மேல் ஆற்றில் இறங்கவே வேண்டாம். அருவியை நன்றாகப் பார்ப்பதும் ஏறும்போது அந்தப் பக்கத்திலிருந்துதான். தண்ணீர் முட்டிக்கு மேலே வந்தது, கால் மரத்துப்போய்க் கல் எது பாசி எது என்று தெரியவில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். அந்த ஆறு அடுத்து எங்கே போய் விழுகிறது என்பது உனக்கே தெரியும். பயமே வரவில்லையாம். வந்திருக்க வேண்டும்.

அம்மாவுக்கு பி.பி., அதனால் அவர் நம்பரைப் போடவில்லை. ஒத்துக்கொள்கிறேன். போட வேண்டாம். அந்தக் கட்டத்தில் தேவைப்படுவது வேறு மாதிரி ஆள். நடுராத்திரி வரும் வெளிநாட்டு நம்பரை எடுக்க வேண்டும், பதறாமல் இங்கிலீஷில் பேச வேண்டும், உன் பாஸ்போர்ட் நகலைத் தேடி அனுப்ப வேண்டும், விடியும்போது அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து மெதுவாக விஷயத்தைச் சொல்ல வேண்டும். உன் கடிதத்தில் அப்படி ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறான். அவனை அடைப்புக்குறிக்குள் போட்டு மூடியிருக்கிறாய்.

தோழி நம்பர் போடக்கூடாதா என்பாய். போடு, இரண்டாவதாக. என் எண்ணம் பழைய எண்ணம்தான்: அப்பா இல்லாத வீட்டில், தங்கைக்கு ஒன்று என்றால் ஓடவேண்டியது அண்ணன். பேச்சு இல்லாததால் அந்தக் கடமை அவனுக்கு ரத்தாகிவிடாது. அவனைக் கேட்காமல் நீயாக அதை ரத்து செய்யவும் முடியாது. என்ன சண்டை என்று நீ எழுதவில்லை. வீட்டுப் பங்காக இருக்கலாம், அண்ணியாக இருக்கலாம், அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவாகவும் இருக்கலாம். அவன் பக்கமே தப்பு என்று வைத்துக்கொண்டாலும் எனக்கு ஒன்றுமில்லை. அவன் மகள் உன் போட்டோக்களைத் தேடிப் பார்க்கிறாள், ஓடிப்போய்ப் பாட்டியிடம் காட்டுகிறாள் என்றால், அந்த வீட்டில் உன் பெயர் புழங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

அம்மாவுக்குப் புரியவைக்கும் வேலையை நிறுத்து. அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி மதுரைக்குப் போ. ட்ரெயினிங்கை நீட்டித்ததாகச் சொன்னது பொய் என்று முதலில் உன் வாயால் சொல். இதுவரை நீ சொல்லவில்லை, போட்டோதான் சொல்லியிருக்கிறது. அப்புறம் அருவிப் படங்களைக் காட்டு. கட்டை இருந்த இடம், கம்பி, ஆறு, இருட்டில் தனியாக நின்ற கார், எல்லாவற்றையும். திட்டினால் கேட்டுக்கொள். நார்வே போவதையும் அங்கேயே சொல்லிவிடு. நான் அனுமதி கேட்கச் சொல்லவில்லை, தகவலாகச் சொல். எந்த ஊர், எந்த ஹோட்டல், எந்த மலை, எத்தனை மணிக்கு இறங்குவேன் என்று காலண்டர் தாளில் எழுதி அம்மாவின் மருந்து டப்பா பக்கத்தில் வைத்துவிட்டு வா.

அதற்கு முன்னால், இன்றைக்கே, அண்ணனுக்கு போன் போடு. அவன் வேலை முடிந்து வந்து சாப்பிட்டு முடித்திருக்கும் நேரம் பார்த்துக் கூப்பிடு. சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்காதே. “ஒரு ஃபாரத்துல உன் நம்பரைப் போடணும்ணே, போட்டுக்கட்டுமா?” என்று கேள். என்ன ஃபாரம் என்று கேட்பான். சொல். பத்து நிமிஷம் கத்துவான். போனைக் காதிலேயே வைத்திரு.