தேவனுக்குப் பயப்படுதல்: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். அயனாவரத்தில் வசிக்கிறேன். உங்கள் எழுத்தைச் சில ஆண்டுகளாக வாசித்துவருகிறேன். எழுதுவது இதுவே முதல் முறை.

நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவள். ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த முதல் வசனங்களில் ஒன்று, "கர்த்தருக்குப் பயப்படுதலே ஞானத்தின் ஆரம்பம்" என்பது. பொய் சொன்னாலோ ஜெபிக்காமல் தூங்கினாலோ, "கர்த்தர் பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்று அப்பா எச்சரிப்பார். திருமணத்துக்குப் பிறகு வேறொரு சபைக்குப் போகத் தொடங்கினோம். என் மகள் டெங்கு காய்ச்சலில் மருத்துவமனையில் கிடந்தபோது, ஜெபிக்க வந்த அந்தச் சபையின் ஊழியர், "தசமபாகத்தில் குறை வைத்தீர்களா?" என்று கேட்டார். கணவருக்கு அப்போது வேலை இல்லை, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொடுப்பதில் குறை வைத்திருந்தோம். மகள் பிழைத்துவிட்டாள். ஆனால் இன்றும் அவளுக்குச் சளி பிடித்தால்கூட என் நெஞ்சு பதறுகிறது. அந்தச் சபைக்குப் போவதை நிறுத்திவிட்டோம். அதுவும் ஒரு குற்றமாகிவிடுமோ என்று உறுத்துகிறது.

"பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்" என்று யோவான் எழுதியிருக்க, பயப்படச் சொல்லும் வசனங்களை எப்படி எடுத்துக்கொள்வது? வேதத்தில் பயம் என்றால் வெறும் மரியாதைதான் என்கிறாள் என் தோழி, அது சரியா? நான்காம் வகுப்புப் படிக்கும் மகள் இப்போது அதே நீதிமொழியை மனப்பாடம் செய்துகொண்டு வந்து, "இயேசப்பாவுக்கு ஏம்மா பயப்படணும்? அவர் நல்லவர்தானே?" என்று கேட்கிறாள். நான் என்ன சொல்ல வேண்டும்?

இப்படிக்கு,
ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரி அவர்களுக்கு,

நீங்கள் கேள்வியாக எழுதாத ஒன்றுக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். உங்கள் மகளுக்கு டெங்கு வந்தது ஏடிஸ் கொசு கடித்ததனால். தசமபாகத்தில் நீங்கள் குறை வைத்ததற்கும் அந்தக் காய்ச்சலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உங்களைத் தேற்றுவதற்காக இப்படிச் சொல்லவில்லை, வேதத்தை வைத்தே சொல்கிறேன். பிறவிக் குருடன் ஒருவனைக் கண்டு, "இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ?" என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டுமல்ல என்று ஆண்டவர் சொன்னது யோவான் 9-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்த ஊழியர் சீஷர்களின் கேள்வியை மட்டும் மருத்துவமனைக்கு எடுத்துக்கொண்டு வந்து, ஆண்டவரின் பதிலைச் சொல்லாமல் போய்விட்டார்.

யோபுவின் புத்தகத்தையும் இந்த வெளிச்சத்தில் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். யோபு தேவனுக்குப் பயந்தவன் என்பது அதன் முதல் வசனத்திலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. அப்படிப்பட்டவன்தான் தன் பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் இழக்கிறான். "யோபு விருதாவாகவா தேவனுக்குப் பயந்து நடக்கிறான்?" என்று கேட்பவன் சாத்தான். தேவபயம் என்பது ஒரு கொடுக்கல் வாங்கல், லாபம் நின்றால் பயமும் நின்றுபோகும் என்பது அவனுடைய கணக்கு. யோபுவின் நண்பர்களோ அதே கணக்கைத் திருப்பிப் போட்டு, கஷ்டம் வந்திருப்பதால் நீ ஏதோ பாக்கி வைத்திருக்கிறாய் என்று அவனிடம் பல அதிகாரங்களுக்கு வாதாடுகிறார்கள். கடைசியில் தேவன் கோபங்கொள்வது அந்த நண்பர்கள் மேல்தான். நோயுற்ற பிள்ளையின் கட்டிலருகே நின்று தசமபாகக் கணக்குக் கேட்பவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை அவரே யோசிக்க வேண்டும்.

தசமபாகத்துக்காக மேடைகளில் ஓயாமல் எடுத்துக்காட்டப்படுவது மல்கியா 3:10. அதற்கு ஐந்து வசனம் முன்னால், தமக்குப் பயப்படாதவர்கள் யார் என்று கர்த்தர் பட்டியலிடுகிறார். சூனியக்காரர், விபசாரர், பொய்யாணை இடுகிறவர் ஆகியோரோடு, கூலிக்காரரின் கூலியை அபகரிப்பவர்களும், விதவைகளையும் திக்கற்ற பிள்ளைகளையும் ஒடுக்குபவர்களும், பரதேசிக்கு அநியாயம் செய்பவர்களும் அதில் நிற்கிறார்கள். வேலையிழந்த கணவனோடு வீட்டு வாடகைக்குத் தடுமாறிய ஒரு தாய் அந்தப் பட்டியலில் இல்லை.

உங்கள் தோழியின் விளக்கத்தை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. அது மனதுக்கு இதமாக இருக்கிறது; உங்களுக்கு நேர்ந்ததற்குப் பிறகு அப்படி ஒரு விளக்கத்தில் ஒதுங்கத் தோன்றுவதும் இயல்பே. ஆனால் நம் மரியாதைக்குரிய மனிதர்கள் எவர் முன்னும் பேதுருவைப் போல, "நான் பாவியான மனுஷன், நீர் என்னைவிட்டுப் போகவேண்டும்" என்று நாம் விழுவதில்லை. சீனாய் மலையடியில் நின்ற ஜனங்களுக்கு உண்டானதும் வெறும் மரியாதையில்லை. அங்கே மோசே சொன்னதைக் கவனியுங்கள்: பயப்படாதிருங்கள் என்று தொடங்கி, நீங்கள் பாவம் செய்யாதபடிக்கு அவரைப் பற்றும் பயம் உங்கள் முகத்திற்கு முன்பாக இருக்கும்படி தேவன் எழுந்தருளினார் என்று முடிக்கிறார். ஒரே வாக்கியத்தில் ஒரு பயம் விலக்கப்படுகிறது, இன்னொரு பயம் வேண்டும் என்று கேட்கப்படுகிறது. கேட்கப்படும் அந்தப் பயம் எது என்பதில்தான் உங்கள் கேள்விகள் மூன்றும் வந்து சேர்கின்றன.

அதைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் நரகத்தைப் பற்றிய வசனங்களுக்குப் போகிறார்கள். நான் லேவியராகமத்துக்குப் போவேன். "செவிடனை நிந்தியாமலும், குருடனுக்கு முன்னே தடுக்கலை வைக்காமலும், உன் தேவனுக்குப் பயந்திருப்பாயாக" என்கிறது 19-ஆம் அதிகாரம். செவிடனைத் திட்டினால் அவனுக்குக் கேட்காது. குருடன் இடறி விழுந்தால், கல்லை வைத்தவன் யார் என்று அவனால் காட்ட முடியாது. அடிப்பதற்கும் திருடுவதற்கும் சாட்சி உண்டு, வழக்கு உண்டு, பதிலடி உண்டு. இந்த இரண்டுக்கும் அவற்றில் எதுவும் இல்லை. சட்டத்தின் கையும் ஊராரின் வாயும் எட்டாத அந்த இடத்தில் கொண்டுபோய்த் தேவபயத்தை வைக்கிறது வேதம். அதே அதிகாரத்தில், நரைத்தவனுக்கு முன்பாக எழுந்திருக்கச் சொல்லும்போதும் அந்தச் சொற்களே வருகின்றன. 25-ஆம் அதிகாரத்தில், இளைத்துப்போன சகோதரனிடம் வட்டி வாங்காதிருக்கவும், கடனுக்காகத் தன்னை விற்றுக்கொண்டவனைக் கொடூரமாய் ஆளாதிருக்கவும் கட்டளையிடும்போது மீண்டும் அவையே வருகின்றன. திருப்பி அடிக்க முடியாதவன் எங்கெல்லாம் நிற்கிறானோ, அங்கெல்லாம் "உன் தேவனுக்குப் பயந்திரு" என்ற சொல் அவனுக்குக் காவலாக நிற்கிறது.

இதை நான் கண்ணால் கண்டது கொளத்தூரில். வெளிநாட்டில் வேலைபார்க்கும் என் உறவினர் ஒருவர் அங்கே வீடு கட்டியபோது, அவருக்காக நான் அவ்வப்போது போய்ப் பார்த்துவருவேன். தூண்களுக்குக் கம்பி கட்டி முடித்து, பொறியாளரும் பார்த்துச் சரி சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலையில் காங்கிரீட் போட வேண்டும். சாயங்காலம் அந்த மேஸ்திரி டேப்பை எடுத்து ஒரு தூணில் ரிங்குகளுக்கு இடையில் அளந்தார். அரையடிக்கு ஒன்று இருக்க வேண்டியவை, மேலே போகப் போக முக்காலடிக்கு ஒன்றாகத் தள்ளிக் கட்டப்பட்டிருந்தன. கம்பி கட்டும் பையன்கள் முணுமுணுத்தார்கள். போக்கஸ் லைட்டைப் போட்டு, கட்டுக்கம்பிகளை வெட்டி எடுக்கச் செய்து, குறைந்த ரிங்குகளை வளைக்கச் சொல்லி, இரவு வெகுநேரம் வரை நின்று எல்லாவற்றையும் மறுபடி கட்டவைத்தார். எனக்கு அதில் ஒன்றும் தெரிந்திருக்காது. காங்கிரீட் போட்ட பிறகு யாருக்குமே தெரிந்திருக்காது. அவர் ஒரு சிறிய சபையைச் சேர்ந்தவர் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அன்று அவர் வசனம் எதையும் சொல்லவில்லை; பையன்களுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தத் தூண்களுக்குக் கீழே படுத்துத் தூங்கப்போகும் குழந்தைகளை அவர் பார்த்ததுகூட இல்லை.

தேவபயம் நமக்குள் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியவில்லை. ஆராதனையில் கண்ணீர் விடுகிறவர் திங்கட்கிழமை காலையில் தண்டல் என்ற தினவசூல் வட்டிக்குப் பணம் கொடுத்து நடைபாதைக் கடைக்காரரின் கழுத்தை நெரிக்கலாம். நெகேமியா யூதாவின் அதிபதியாய் இருந்த 12 வருடங்களில், அதிபதிக்கு உரிய படியைக்கூட ஜனங்களிடம் வாங்கவில்லை. அவருக்கு முன்னிருந்தவர்கள் வாங்கினார்கள், அவர்களுடைய வேலைக்காரர்களும் ஜனங்கள் மேல் அதிகாரம் செலுத்தினார்கள். "நானோ தேவனுக்குப் பயந்ததினால் இப்படிச் செய்யவில்லை" என்று அவர் எழுதிவைத்திருப்பது, நம் நகரத்தில் அதிகாரத்தில் அமரும் ஒவ்வொரு கிறிஸ்தவரும் மேசைமேல் எழுதிவைக்கத் தகுந்தது.

இந்தப் பயம் இருக்கும் இடத்தில் மனிதரைப் பற்றிய பயம் தளர்ந்துபோகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆண்பிள்ளைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனின் கட்டளையை மீறிய சிப்பிராளும் பூவாளும் தேவனுக்குப் பயந்தார்கள் என்கிறது யாத்திராகமம். எகிப்தின் ராஜாவுக்கு அஞ்சாமல் நிற்கும் துணிச்சல் இரண்டு மருத்துவச்சிகளுக்கு அங்கிருந்துதான் வந்தது. இதன் மறுபக்கத்தை நம் தமிழ்த் திருச்சபையின் வரலாற்றிலேயே பார்க்கலாம். திருச்சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் எழுதியபோது, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சாதியை விடாமல் சபையை விட்டுப் போனார்கள். கர்த்தருக்குப் பயப்படுதலே ஞானத்தின் ஆரம்பம் என்பதை அவர்களும் மனப்பாடம் செய்தவர்கள்தான். ஆனால் உறவின்முறை என்ன சொல்லும் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. யூதரல்லாத ரோமப் படைத்தலைவன் கொர்நேலியுவின் வீட்டில் பேதுரு சொன்ன சொல்லோ, தேவன் பட்சபாதமுள்ளவரல்ல, எந்த ஜனத்திலாயினும் அவருக்குப் பயந்திருந்து நீதியைச் செய்கிறவனே அவருக்கு உகந்தவன் என்பது. இன்றைக்கும் பெண் பார்க்கும்போது சாதியை விசாரித்துவிட்டுத்தான் ஜெபிக்க உட்காருகிறோம். இது எனக்கு ஆறாத துக்கம்.

இனி யோவானுக்கு வருகிறேன். அவர் புறம்பே தள்ளச் சொல்வது எந்தப் பயத்தை என்பதை அந்த வசனமே சொல்கிறது: "பயமானது வேதனையுள்ளது." அதற்கு முந்தைய வசனம் நியாயத்தீர்ப்புநாளில் தைரியமாக நிற்பதைப் பற்றியது. ஆகவே தண்டனையை எதிர்பார்த்து நடுங்கும் பயமே அங்கே தள்ளப்படுகிறது. இயேசு சொன்ன உவமையில், எஜமான் கடினமுள்ள மனுஷன் என்று நினைத்து, அவர் கொடுத்த தாலந்துப் பணத்தை மண்ணில் புதைத்துவைத்தானே ஒருவன், அவனுடைய பயம் அது. அந்தப் பயம் ஒருவனை ஒரு நன்மையும் செய்யவிடாது. யோவானின் இந்த நிருபத்துக்கு விளக்கம் சொன்ன பழைய திருச்சபைப் பிதா அகுஸ்தீன், கணவன் வந்துவிடுவானோ என்று அஞ்சும் ஒரு மனைவியையும், அவன் தன்னை விட்டுப் போய்விடுவானோ என்று அஞ்சும் இன்னொரு மனைவியையும் காட்டி, முதலாவது பயத்தை அன்பு வெளியேற்றும், இரண்டாவது பயம் அன்போடு என்றைக்கும் தங்கும் என்றார். 130-ஆம் சங்கீதம் இன்னும் ஆழமாகப் போகிறது: "உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு." தண்டனை உண்டு, ஆகையால் பயப்படுகிறோம் என்றுதான் நாம் எழுதியிருப்போம். சங்கீதக்காரர் மன்னிப்பைப் பெற்ற பிறகே பயப்படத் தொடங்குகிறார்.

நான் லுத்தரன் குடும்பத்தில் வளர்ந்தவன். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, தமிழில் பெயர்த்துத் தந்தவற்றில் மார்ட்டின் லுத்தரின் சிறிய ஞானோபதேசம் என்ற விசுவாசப் பாடநூலும் ஒன்று. அதில் கட்டளைகளுக்குச் சொல்லப்படும் விளக்கங்கள், நாம் தேவனுக்குப் பயந்து அவரை நேசிக்கவேண்டும் என்றே தொடங்குகின்றன. 1505-இல் இடிமின்னலுக்கு நடுங்கித் துறவியாவேன் என்று நேர்ந்துகொண்டு, பல ஆண்டுகள் தேவனைக் கொடிய நியாயாதிபதியாகவே எண்ணி வதைபட்டவர் அதை எழுதினார். வதைக்கும் பயத்தை அவர் நன்றாகவே அறிந்திருந்தும், 1529-இல் பிள்ளைகளுக்கான அந்தப் புத்தகத்தில் பயத்தை எடுத்துவிடாமல் அன்பின் பக்கத்திலேயே வைத்தார்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, இயேசுவும் பயந்தார் என்பது. ஈசாயின் அடிமரத்திலிருந்து தோன்றுகிறவர்மேல் கர்த்தருக்குப் பயப்படுகிற பயத்தை அருளும் ஆவி தங்கியிருக்கும் என்று ஏசாயா 11-ஆம் அதிகாரம் சொல்கிறது. அந்தப் பயம் அவருக்கு உகந்த வாசனையாயிருக்கும் என்றும் சொல்கிறது. தமக்கு உண்டான பயபக்தியினிமித்தம் அவருடைய ஜெபம் கேட்கப்பட்டது என்று எபிரெயர் நிருபம் எழுதுகிறது. பாவம் செய்யாதவருக்குத் தண்டனையைப் பற்றிய பயம் இருந்திருக்க முடியாது. பிதாவின் சித்தத்தைத் தவிர வேறொன்றையும் பெரிதாக எண்ணாதிருப்பதே அவருடைய பயம், அதில் அவருக்கு மகிழ்ச்சியும் இருந்தது. நாம் பயிலவேண்டியது அந்தப் பயத்தைத்தான்.

சபையை விட்டு வந்ததைப் பற்றி உறுத்தல் வேண்டாம். ஆறுதலாக வார்த்தை சொல்லும் வேறொரு சபையில் சேர்ந்துகொள்ளுங்கள். உங்களால் இயன்றதைச் சந்தோஷமாகக் கொடுங்கள்.

மகளிடம், ஆமாம், அவர் நல்லவர்தான் என்று முதலில் சொல்லுங்கள். வகுப்பில் எல்லோரும் சேர்ந்து ஒரு பிள்ளையைக் கேலி செய்யும்போது, ஆசிரியர் அங்கே இல்லாவிட்டாலும் தான் அதில் சேராமல் இருப்பதும், அதனால் தோழிகள் தன்னோடு பேசாமல் போனாலும் பரவாயில்லை என்று இருப்பதும்தான் அவருக்குப் பயப்படுவது என்று சொன்னால், நான்காம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும். பிறகு மத்தேயு 10-ஆம் அதிகாரத்தைத் திறந்து, 28-ஆம் வசனத்திலிருந்து 31 வரை அவளையே வாசிக்கச் சொல்லுங்கள். நம்மில் பலரை முதல் வசனத்தோடு நிறுத்தி, நரகத்தில் அழிக்க வல்லவருக்குப் பயப்படுங்கள் என்று மிரட்டி வளர்த்துவிட்டார்கள். அவள் நிறுத்தாமல் வாசிக்கட்டும். ஒரு காசுக்கு இரண்டாய் விற்கப்படும் அடைக்கலான் குருவிகள் அடுத்த வசனத்திலேயே வந்துவிடுகின்றன.

அன்புடன்.