பறக்கும் மணலில் பாறைப் படங்கள்: கேள்வி பதில்

குளிர்கால விடுமுறைக்கு ஜோர்டானின் வாடி ரம், சவூதியின் அல் உலா எனப் பாலைவனப் பாறைகளை கேமராவில் எடுக்கக் கிளம்பும் நீலகிரி நண்பர்கள் அனுப்பிய கேள்விகள். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் முதலில் வந்ததற்கு மட்டும் முழுப் பதில்.

குன்னூர்: அண்ணா, என்னுடையது வெதர் சீல் உள்ள கேமரா. மணல் காற்றில் பயமில்லாமல் எடுக்கலாமா?

அந்த சீல் மழைத்துளியையும் ஓரளவு தூசியையும் தடுக்கும், முழுக் காப்பு அல்ல. ஜூம் லென்ஸின் குழல் நீளும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், நுண்தூசியும் கூடவே போகும். அதனால் நீளாத லென்ஸ் இருந்தால் அதையே மாட்டுங்கள். இல்லையென்றால் காற்று அடிக்கும்போது ஜூமை அடிக்கடி திருகாதீர்கள்.

காற்று மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டரைத் தொட்டால் உலர்மணல் கிளம்பிவிடும். ஆனால் மணல் பெரும்பாலும் பறப்பதில்லை, துள்ளித் துள்ளி ஓடுகிறது. அதில் பெரும்பங்கு முழங்காலுக்குக் கீழேதான். முகத்துக்கு வருவது தூசி. ஆகவே பையைத் தரையில் வைக்காதீர்கள், குத்த வைத்து உட்கார்ந்து லென்ஸ் மாற்றாதீர்கள். காலையில் மாட்டிய லென்ஸோடு அந்த நாளை ஓட்டுவது உத்தமம். மாற்றியே தீர வேண்டுமென்றால், வாடி ரமில் பெரும்பாலும் திறந்த பிக்கப்பில்தான் கூட்டிப்போவார்கள், பின்னால் வேண்டாம். டிரைவர் கேபினுக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றி, ஏசி விசிறியை நிறுத்தி, கேமராவை அணைத்து, அதன் வாய் தரையைப் பார்க்கும்படி பிடித்து மாற்றுங்கள்.

உள்ளே போகும் மணலில் பெரும்பகுதியை நாமே திறந்தும் தேய்த்தும்தான் அனுப்புகிறோம்.

கோத்தகிரி: லென்ஸில் படிந்த மணலை எந்தத் துணியால் துடைக்க வேண்டும்?

எந்தத் துணியாலும் கூடாது. மணலில் பெரும்பாலும் குவார்ட்ஸ், கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் அதன் கடினம் 7. லென்ஸ் கண்ணாடி பொதுவாக அதைவிட மென்மை, மேலே இருக்கும் கோட்டிங் இன்னும் மெல்லியது. முதலில் லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து, ரப்பர் பந்து ப்ளோவரால் பலமாக ஊதுங்கள். அடுத்து மென்தூரிகை. மறுபடி ஒரு முறை ஊதுங்கள். அதன் பிறகும் கறை இருந்தால் மட்டும் துணியில் ஒரு சொட்டு லென்ஸ் திரவம். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும், டப்பாவில் வரும் அழுத்தக் காற்றில் சில நேரம் திரவமே பீய்ச்சும். இரண்டும் வேண்டாம்.

கூடலூர்: கோடநாடு காட்சிமுனையில் ரங்கசாமி மலையை எடுக்கும்போதே ட்ரைபாட் ஆடுகிறது சார். பாலைவனத்தில் என்ன செய்வது?

நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், ஆட்டத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. தடித்த கால் பகுதிகளை முதலில் நீட்டுங்கள். கடைசி மெல்லிய பகுதியை மணலில் புதையும் அளவுக்கு மட்டும் இறக்கினால் போதும், அதன் பூட்டு மணலுக்கு மேலே இருக்கும். பூட்டுக்குள் மணல் போனால் திருகும்போது கரகரக்கும், பிறகு பிடிக்காது. கெட்டி தட்டும்வரை கால்களை அழுத்துங்கள். ஒரு கால் காற்று போகும் திசையில் இருக்கட்டும். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், அது பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கும். பளுவுக்குப் பை தொங்கவிட்டால் அதன் அடி தரையைத் தொட வேண்டும். அந்தரத்தில் தொங்கும் பை தானும் ஆடி, ட்ரைபாடையும் ஆட்டும். இதற்கென்று துணிப்பை ஒன்று கொண்டுபோய் அங்கேயே மணல் நிரப்பிக்கொள்ளலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆடினால் ஐஎஸ்ஓவை, அதாவது ஒளி உணர்திறனை, 400 அல்லது 800க்கு ஏற்றி ஷட்டரை 1/250 நொடிக்குக் கொண்டுவாருங்கள். அப்பர்ச்சர், அதாவது லென்ஸ் துளை, எஃப் 8, எஃப் 11 போதும்; எண் ஏற ஏறத் துளை சிறுக்கும். எஃப் 16க்கு மேல் போனால் கூர்மையும் குறையும், சென்சாரில் உள்ள தூசியும் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

ஊட்டி: ட்ரோன் கொண்டுபோகலாமா?

ஜோர்டானில் முன் அனுமதி இல்லாமல் இறங்கினால் விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மற்றதை ட்ரோன் ஓட்டுபவரிடம் கேளுங்கள்.

குன்னூர்: எந்த கேமரா வாங்கலாம்?

கையில் இருப்பதை. அடுத்த கேள்வி.

கோத்தகிரி: லென்ஸ் முன்னால் யூவி ஃபில்டர் கண்ணாடி போட்டால் தரம் கெடும் என்று நீங்களே சொன்னீர்கள். இப்போது?

மணல் காற்றில் போடுங்கள். காற்று நின்றதும் கழற்றுங்கள், சூரியன் ஃப்ரேமுக்குள் வரும் படத்துக்கும் கழற்றுங்கள். இல்லையென்றால் கண்ணாடியில் பிரதிபலித்துப் படத்தில் பேய் வெளிச்சம் விழும்.

ஊட்டி: ஹூட் போதுமே அண்ணா. ஃபில்டர் கடைக்காரர் வியாபாரம்.

ஹூட் என்பது லென்ஸ் முனையில் மாட்டும் மறைப்பு வளையம், பக்கவாட்டில் காக்கும். காற்றை நேருக்கு நேர் பார்த்தால் கிண்ணமாகி மணலை ஏந்தும்.

ஊட்டி: காற்றுக்கு முதுகு காட்டி எடுத்தால்?

பாறை உங்களுக்காகத் திரும்பி நிற்காதே! மணல் வழிந்தோடுவது அழகாகத் தெரிவது எதிர்வெளிச்சத்தில். மாலையில் மேற்கிலிருந்து காற்று அடித்தால் அந்தப் படத்துக்கு லென்ஸ் காற்றைப் பார்த்தே ஆக வேண்டும்.

குன்னூர்: ஃபில்டரைக் கழற்றும்போது மரையில் இருக்கும் மணல் லென்ஸில் விழாதா?

இதுதான் உருப்படியான ஆட்சேபம். விழும். கழற்றும் முன் லென்ஸைக் கவிழ்த்து மரையைச் சுற்றி ஊதுங்கள். கவிழ்த்த நிலையிலேயே திருகி எடுங்கள். கரகரத்தால் வலுக்கட்டாயம் செய்யாமல் மறுபடி ஊதுங்கள்.

கோத்தகிரி: டிஷ்யூ பேப்பரால் துடைக்கலாமா?

இரண்டாவது பதில்.

குந்தா: நம் ஊர்ப் பாறைக்கும் அங்குள்ள பாறைக்கும் எக்ஸ்போஷர் கணக்கு மாறுமா?

மாறும். நம்முடையது சார்னகைட் என்ற பாறை, கருஞ்சாம்பல். அது ஃப்ரேமை நிறைத்தால் கேமரா தேவைக்கு மேல் வெளிச்சமாக்கும். வாடி ரமில் அடியில் கிரானைட், மேலே சிவந்த மணற்கல், சுற்றிலும் மணல். நடுப்பகலில் வெளிர்மணல் கேமராவை ஏமாற்றிப் படத்தை இருட்டாக்கும். மூடுபனியில் எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டி +1 வைப்பீர்களே, அதேதான். அந்தி வெயிலில் மட்டும் எதிர்த்திசை. செம்பாறையில் சிவப்பு முதலில் அளவு மீறி விவரமிழந்து வெடித்துவிடும், மொத்த வெளிச்சத்தைக் காட்டும் வரைபடமான வெள்ளை ஹிஸ்டோகிராம் ஒழுங்காகத்தான் தெரியும். மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து எக்ஸ்போஷரை 1/3 அல்லது 2/3 படி குறையுங்கள்.

கூடலூர்: போகும் முன் பயிற்சிக்கு?

ஆடிக்காற்றில் தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிக்காடு. பாறை கிடையாது, மணல் உண்டு.

ஊட்டி: மணலைத் துடைக்க ஈரத்துணி…

இரண்டாவது பதில். இரண்டாவது பதில்!

குன்னூர்: திரும்பி வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

பையை முழுக்கக் காலி செய்து வாக்குவம் போடுங்கள். ட்ரைபாட் கால்களைப் பிரித்து நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்த பின் பூட்டுங்கள். எஃப் 22இல், ஃபோகஸ் கலைத்து வெறும் வானத்தை ஒரு படம் எடுத்தால் சென்சார் தூசி தெரிந்துவிடும். ப்ளோவருக்கு அசையாத புள்ளியைச் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். நம் ஊர் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும் என்பதால் சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில், ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் வையுங்கள். பையைக் காலி செய்யாமல் அப்படியே டப்பாவுக்குள் வைக்கிறவர்கள் மணலையும் சேர்த்துப் பத்திரப்படுத்துகிறார்கள்.