வியப்பான தகவலா? எந்த அளவுகோலில் என்று கேளுங்கள்

கேள்வி: எங்கள் பள்ளி அறிவிப்புப் பலகையில் தினமும் ஒரு வியப்பான உலகத் தகவலை எழுதுவது என் பொறுப்பு. இணையத்தில் கிடைப்பதில் எது உண்மை, எது கட்டுக்கதை என்று பிரிக்க முடியவில்லை. இப்போது என்னிடம் நான்கு இருக்கின்றன. வெள்ளிக் கோளில் ஒரு நாள் ஒரு வருடத்தைவிட நீளம். சீனப் பெருஞ்சுவர் நிலவிலிருந்து கண்ணுக்குத் தெரியும். உலகிலேயே உயரமான மலை எவரெஸ்ட். பாலக்கீரையில் இரும்புச்சத்து அதிகம் என்ற நம்பிக்கை ஒரு தசமப் புள்ளிப் பிழையால் வந்தது. இவற்றை எழுதலாமா? இனி வருபவற்றை எப்படிச் சோதிப்பது?

பதில்: நான்கில் ஒன்று தவறு, ஒன்றுக்கு ஆதாரம் இல்லை. மற்ற இரண்டும் உண்மைதான், ஆனால் பாதி சொல்லப்பட்ட உண்மை. நான் அதிகம் கவலைப்படுவது இந்தப் பாதி உண்மைகளைப் பற்றித்தான். முழுப் பொய்யை யாராவது ஒரு மாணவர் கண்டுபிடித்துவிடுவார். பாதி உண்மை வருடக்கணக்கில் தப்பித்துக்கொண்டே இருக்கும்.

வெள்ளியை எடுத்துக்கொள்வோம். அது தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 243 பூமி நாட்கள் ஆகின்றன. சூரியனைச் சுற்றிவர 225 நாட்கள். சரி, தகவல் உண்மைதானே? ஒரு சுழற்சியை 'நாள்' என்று வைத்துக்கொண்டால் உண்மை. ஆனால் மாணவர்கள் நாள் என்று நினைப்பது ஒரு சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரையிலான நேரத்தை. வெள்ளி பூமிக்கு எதிர்த்திசையில் சுழல்வதால் அந்த இடைவெளி சுமார் 117 பூமி நாட்கள்தான். அதாவது அங்கே ஒரு வருடத்துக்குள் கிட்டத்தட்ட இரண்டு முறை விடிகிறது, அதுவும் மேற்கில். பூமியிலும் இதே வேறுபாடு உண்டு: ஒரு சுழற்சிக்கு 23 மணி 56 நிமிடம், உதயத்துக்கு உதயம் 24 மணி. பலகையில் '243 நாள் சுழற்சி, 117 நாளுக்கு ஒரு விடியல்' என்று இரண்டையும் எழுதுங்கள். என் பார்வையில் முழு உண்மைதான் கூடுதல் வியப்பு.

எவரெஸ்டும் இப்படித்தான். 2020-ல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த அதன் உயரம் 8,848.86 மீட்டர். கடல் மட்டத்திலிருந்து அளந்தால் அதை மிஞ்ச மலை இல்லை. ஆனால் பூமி நடுவில் சற்றுப் புடைத்தது. நிலநடுக்கோட்டில் அதன் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ. அதனால் நிலநடுக்கோட்டுக்கு அருகே, ஈக்வடாரில் உள்ள சிம்போராசோ 6,263 மீட்டர்தான் என்றாலும், பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் அதன் உச்சி எவரெஸ்டின் உச்சியைவிட 2 கி.மீ.க்குச் சற்று அதிகமான தொலைவில் இருக்கிறது. அடிவாரத்திலிருந்து உச்சி வரை அளந்தால் ஹவாயின் மௌனா கியா 10 கி.மீ.யைத் தாண்டும். அதில் பெரும்பகுதி கடலுக்கடியில் கிடக்கிறது.

ஆகவே 'மிகப் பெரிய', 'மிக நீளமான', 'முதல்' என்ற சொற்கள் வந்தால் உடனே கேட்கவேண்டியது: எந்த அளவுகோலில்? அலகும் இதில் சேர்த்திதான். நெப்போலியன் குள்ளம் என்ற பேச்சுக்கு ஒரு காரணம், அவருடைய உயரமாகச் சொல்லப்படும் 5 அடி 2 அங்குலம் பழைய பிரெஞ்சு அளவு என்பது. அந்த அடி 32.48 செ.மீ. கணக்குப் போட்டால் சுமார் 168 செ.மீ. வருகிறது. அந்தக் காலத்துக்கு அது சாதாரண உயரம்.

சீனப் பெருஞ்சுவரை எழுதாதீர்கள். இதை நிராகரிக்க விண்வெளிக்குப் போகவேண்டியதில்லை, பெருக்கல் வகுத்தல் போதும். நம் கண், தொலைவில் ஏறக்குறைய 3,400-ல் ஒரு பங்கு அளவுள்ளதைத்தான் பிரித்துப் பார்க்கும். நிலவின் சராசரித் தூரம் 3,84,400 கி.மீ. வகுத்தால் 113 கி.மீ. வருகிறது. சுவரின் அகலமோ பெரும்பாலான இடங்களில் 10 மீட்டர்கூட இல்லை. நீளமாக இருந்தால் தெரியாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். நீளமான கோடு ஓரளவு எளிதாகத் தெரியும், ஆனால் அதற்கு நிறம் சுற்றுப்புறத்திலிருந்து தனித்துத் தெரியவேண்டும். சுவரின் நிறமோ பல இடங்களில் அருகிலிருக்கும் மண்ணோடு ஒத்துப்போகிறது. 2003-ல் விண்வெளிக்குச் சென்ற சீன வீரர் யாங் லிவெய், நிலவைவிட மிக அருகில், பூமியைச் சுற்றும் பாதையில் இருந்தும் அதைப் பார்க்கவில்லை என்று சொன்னார். இந்தக் கதை 1930களிலேயே அச்சில் வந்துவிட்டது. மனிதன் விண்வெளிக்குப் போனது 1961-ல்! யார், எப்படிப் பார்த்துச் சொன்னார் என்று கேட்டிருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

பாலக்கீரை விஷயம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் அது திருத்தம் என்ற வேடத்தில் வருகிறது. தசமப் புள்ளி இடம் மாறி இரும்புச்சத்து பத்து மடங்கானது என்ற கதையைப் பரவலாக்கியது 1981-ல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த கட்டுரை. அதில் சான்று எதுவும் காட்டப்படவில்லை. 2010-ல் மைக் சட்டன் என்ற ஆய்வாளர் பழைய ஆவணங்களைத் தேடிப்போனபோது அப்படியொரு புள்ளிப் பிழைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 'நீங்கள் நினைப்பது தவறு' என்று தொடங்கும் தகவல்களையும் மற்றவற்றைப் போலவே சோதியுங்கள்.

ஒரே வாக்கியம் பத்து இடங்களில் எழுத்து மாறாமல் இருந்தால் அதை ஒரே ஒரு ஆதாரமாகத்தான் கணக்கில் வைக்கவேண்டும். அளந்தவரிடம் போங்கள்: கோள் என்றால் நாசா, ஆய்வு என்றால் அது வெளியான இதழ். அப்புறம், தகவலுக்குப் பக்கத்தில் ஆண்டையும் எழுதுங்கள். சனிக் கோளுக்கு 2025 மார்ச்சில் 128 நிலவுகள் புதிதாக அங்கீகரிக்கப்பட்டு மொத்தம் 274 ஆனது. அதற்கு முன் எழுதிய பலகைகள் எல்லாம் ஒரே நாளில் பழசாகிவிட்டன.

மதிப்பீடுகளைக் கண்டு ஒதுங்கவேண்டாம். நிலவில் மனிதன் இறங்கிய நாளுக்குத்தான் கிளியோபாட்ரா அருகில் வாழ்ந்தார், கிசாவின் பெரிய பிரமிடு கட்டிய காலத்துக்கு அல்ல. அவர் இறந்தது கி.மு. 30-ல், நிலவில் இறங்கியது 1969-ல், இடைவெளி சுமார் 2,000 ஆண்டுகள். பிரமிடு ஏறக்குறைய கி.மு. 2560, அதாவது அவருக்குச் சுமார் 2,500 ஆண்டுகள் முந்தையது. பிரமிடின் ஆண்டு தோராயம்தான், ஆனால் ஒரு நூற்றாண்டு முன்னே பின்னே போனாலும் விடை மாறாது. இதைத் தாராளமாகப் பலகையில் எழுதலாம்.