மூக்குக்குக் கீழே தொங்கும் மாஸ்க்: வாசகர் கேள்வி-பதில்

கொரோனா எப்படிப் பரவும், எப்படித் தடுக்கலாம் என்று எங்கள் வீட்டு எட்டு வயதுப் பையன்கூட மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். ஆனால் யாருக்காவது இருமல் வந்தால் மாஸ்க்கைத் தேடுகிற ஆள் ஒருவர்கூட இல்லை. இவ்வளவு தெரிந்தும் ஏன் இப்படி இருக்கிறோம்?

தெரிந்தால் செய்துவிடுவார்கள் என்பதே தப்புக் கணக்கு. இந்தக் கணக்கைப் போட்டு ஏமாந்தவர்கள் நிறையப் பேர். 1950களில் அமெரிக்காவில் காசநோயைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே வண்டியை மக்கள் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள், காசும் வாங்கவில்லை, அப்படியும் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. ஏன் என்று பார்க்க காட்ஃப்ரே ஹாக்பாம் என்ற உளவியலாளர் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் விசாரித்தார். ‘இந்த நோய் எனக்கும் வரலாம்’, ‘சீக்கிரம் கண்டுபிடித்தால் எனக்கு நல்லது’ என்ற இரண்டையும் நம்பியவர்களில் 100க்கு 82 பேர் தாங்களாகவே போய் எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். இரண்டையுமே நம்பாதவர்களில் 21 பேர்தான்.

இதில் கவனிக்க வேண்டியது அந்த ‘எனக்கும்’. நோய் ஆபத்தானது என்று எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள், ஆனால் அது யாரோ வயதானவருக்கு, யாரோ நோயாளிக்கு, நமக்கு என்றால் ‘சாதாரண சளிதான்’. அப்புறம் இன்னொன்று, வசதி. சோப்பு குழாய்க்குப் பக்கத்திலேயே இருந்தால் கை தானாகப் போகும், அலமாரியைத் திறந்து எடுக்க வேண்டும் என்றால் போகாது, இதற்குப் பெரிய உளவியல் எதுவும் தேவையில்லை. உங்கள் வீட்டில் மாஸ்க் எங்கே இருக்கிறது? ஏதோ ஒரு பெட்டிக்கு அடியில் இருக்கும் என்று நினைக்கிறேன். எடுத்து வாசல் கதவுக்குப் பக்கத்தில், சாவி மாட்டும் இடத்தில் தொங்கவிடுங்கள். பையனுக்கு இன்னொரு முறை பாடம் நடத்துவதைவிட அது உருப்படியான வேலை.

சுகாதார ஆய்வு என்று சொல்லி என் கணவரிடம் போனில் கேள்வி கேட்டார்கள். ‘வெளியே போய்விட்டு வந்தால் கை கழுவுவீர்களா?’ என்றதற்கு மனிதர் கூசாமல் ‘எப்போதும்’ என்றார். எனக்குத்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்த மாதிரிப் பதில்களை வைத்துக்கொண்டு என்னதான் ஆய்வு செய்வார்கள்?

உங்கள் கணவர் தனி ஆள் இல்லை, அவர் பக்கம் பெரிய கூட்டமே இருக்கிறது. மக்களுக்கு என்ன தெரியும், என்ன நினைக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று மூன்றையும் கேட்கும் ஆய்வுகள் உலகம் முழுக்க நடக்கின்றன. முதல் இரண்டுக்கு வரும் பதிலை ஓரளவு நம்பலாம். மூன்றாவதுக்கு வருவது பெரும்பாலும் ‘நான் எப்படிப்பட்டவன் என்று நீங்கள் நினைக்க வேண்டும்’ என்பதற்கான பதில். ஆய்வாளர்களுக்கும் இது தெரியும், அதனால் கழிப்பறை வாசலில் ஆளை நிறுத்தி எண்ணியிருக்கிறார்கள், சோப்புக்கட்டிக்குள் அசைவை அளக்கும் கருவியை ஒளித்து வைத்தும் பார்த்திருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் சொன்னதைவிடக் குறைவுதான். அதிலும் பக்கத்தில் ஒருவர் நிற்கிறார் என்று தெரிந்தால் கழுவுவது கூடிவிடும், ஆள் நகர்ந்தால் குறைந்துவிடும்.

பாதி நேரம் நாம் பொய்யும் சொல்வதில்லை, நமக்கே தெரியாது என்பதுதான் நிஜம். ஆஸ்திரேலியாவில் 26 மருத்துவ மாணவர்களை வகுப்பில் வீடியோ எடுத்து 2015இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சராசரியாக மணிக்கு 23 முறை முகத்தைத் தொட்டிருந்தார்கள், அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவை கண், மூக்கு, வாய். நாளைக்கு டாக்டராகப் போகிறவர்களே இப்படி. இதைப் படித்து முடிப்பதற்குள் நீங்கள் எத்தனை முறை தொட்டீர்கள்?

முதலில் மாஸ்க் வேண்டாம் என்றார்கள், அப்புறம் கட்டாயம் என்றார்கள். இனிமேல் இவர்கள் சொல்வதை நான் ஏன் கேட்க வேண்டும்?

கோபம் நியாயமானது. 2020இன் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனம் நோயில்லாத பொதுமக்களுக்கு மாஸ்க் தேவையில்லை என்றது, ஜூன் 5ஆம் தேதி, பரவல் இருக்கும் இடங்களில் நெருக்கமாகப் புழங்கும்போது துணி மாஸ்க் போடுங்கள் என்று மாற்றிக்கொண்டது. நடுவில் நடந்தது என்ன என்றால், அறிகுறியே இல்லாதவர்களும் பரப்புகிறார்கள் என்பது மெல்ல மெல்லத் தெளிவானது. ‘டயமண்ட் பிரின்சஸ்’ கப்பலில் இருந்த 3,711 பேரில் 712 பேருக்குத் தொற்று வந்தது, பரிசோதனை நேரத்தில் அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஒரு தும்மல்கூட இல்லை. இருமுகிறவர் மட்டும் போட்டால் போதும் என்ற யோசனை அங்கேயே அடிபட்டுப் போனது.

புது விவரம் வந்தால் அறிவுரையை மாற்றுவதில் தப்பே இல்லை. ஆனால் மருத்துவமனைகளுக்கே மாஸ்க் பற்றாக்குறை என்ற கவலையும் அந்த முதல் அறிவுரைக்குப் பின்னால் இருந்தது, அதைப் பல நாட்டு அதிகாரிகள் நேராகச் சொல்லாமல் ‘உங்களுக்கு அதனால் பயன் இல்லை’ என்கிற மாதிரிப் பேசினார்கள். என் கணக்கில் கெட்டது அங்கேதான். ‘இருப்பது குறைவு, முதலில் நர்ஸ்களுக்குக் கொடுப்போம், நீங்கள் கொஞ்சம் பொறுங்கள்’ என்றால் புரிந்துகொள்ள மாட்டோமா?

சரி, கேட்பதா வேண்டாமா? கேளுங்கள், கூடவே ‘எதை வைத்துச் சொல்கிறீர்கள், எது இன்னும் தெரியாது’ என்றும் கேளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்பவரை நான் கொஞ்சம் கூடுதலாகவே நம்புவேன்.

மாஸ்க்கை எதிர்த்துக் கூட்டம் போடுவதெல்லாம் இந்தக் காலத்துக் கூத்துதானே? அந்தக் காலத்து மனிதர்களுக்குக் கட்டுப்பாடு இருந்திருக்கும்.

இருந்திருக்காது. 1918 ஃப்ளூ சமயத்தில் சான் ஃபிரான்சிஸ்கோ நகரம் மாஸ்க்கைக் கட்டாயமாக்கியது. நவம்பர் 21ஆம் தேதி நண்பகலில் ஊரெங்கும் சங்கு ஊதிக் கட்டுப்பாட்டை விலக்கினார்கள், ஜனங்கள் அங்கேயே கழற்றித் தெருவில் வீசினார்கள். நோய் திரும்பி வந்ததும் 1919 ஜனவரியில் மறுபடியும் உத்தரவு போட்டார்கள். அதை எதிர்க்க ‘மாஸ்க் எதிர்ப்புச் சங்கம்’ என்றே ஒன்று கிளம்பியது. புகைப்படங்களைப் பாருங்கள், மூக்குக்குக் கீழே இறக்கிவிட்டுக்கொண்ட ஆட்கள் அதிலும் உண்டு, சுருட்டுப் பிடிக்க மாஸ்க்கில் ஓட்டை போட்டுக்கொண்டவர்களைப் பற்றியும் அப்போதே எழுதியிருக்கிறார்கள். பேசுவதற்கும் தும்முவதற்கும் மட்டும் மாஸ்க்கைக் கழற்றும் நம் ஆட்களுக்குப் பெரிய பரம்பரையே இருக்கிறது.

என் மாமனார் வாட்ஸ்அப்பில் வரும் வைத்தியத்தை எல்லாம் செய்து பார்க்கிறார். ‘இதனால் கெடுதல் என்ன?’ என்று கேட்கிறார். எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

வெந்நீர் குடித்தார் என்றால் விட்டுவிடுங்கள், ஒன்றும் ஆகாது. கெடுதல் என்னவென்றால், சில வதந்திகள் ஆளையே முடித்துவிடும். 2020இல் ஈரானில் சாராயம் குடித்தால் கொரோனா வராது என்று நம்பி, மெத்தனால் கலந்ததைக் குடித்து நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள், பலருக்குக் கண்பார்வை போனது. வீட்டுக்குள்ளேயே ஓர் ஆபத்து உண்டு: கிருமி சாகட்டும் என்று பிளீச்சையும் அம்மோனியா கலந்த கிளீனரையும் ஒரே வாளியில் ஊற்றினால் விஷவாயு கிளம்பும். ஆசிட் கிளீனரோடு கலந்தால் குளோரின். தயவுசெய்து எதையும் எதோடும் கலக்க விடாதீர்கள்.

மாமனாரிடம் ‘இது பொய் மாமா’ என்று எல்லார் முன்னாலும் ஆரம்பிக்காதீர்கள், அடுத்த நிமிடமே அது வைத்தியத்தைப் பற்றிய பேச்சாக இருக்காது, மரியாதையைப் பற்றிய பேச்சாகிவிடும். தனியாக இருக்கும்போது ‘மாமா, இதை முதலில் யார் அனுப்பியது? நீங்கள் சாப்பிடும் மாத்திரையோடு இது ஒத்துப்போகுமா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமா?’ என்று கேளுங்கள். அவர் டாக்டரை நம்புகிறவர் என்றால் வேலை முடிந்தது. நம்பாதவர் என்றால், மாமனார் யார் பேச்சைத் தட்ட மாட்டாரோ அப்படி ஒரு நண்பர் இருப்பார், அந்த நண்பரைப் பிடியுங்கள்.

மூன்று ஊசி போட்டும் எனக்குக் கொரோனா வந்தது. அப்புறம் எதற்கு ஊசி?

படுக்கையில் விழுந்தீர்களா, ஆக்சிஜன் தேவைப்பட்டதா? இல்லை என்றால் ஊசி தன் பங்கைச் செய்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. தொற்றே வராது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், 2020 இறுதியில் வந்த ‘ஊசிக்கு 95 சதவீதம் பலன்’ என்ற செய்தி. அந்தக் கணக்கு அறிகுறியோடு வரும் நோயைத் தடுப்பது பற்றியது, ஊசி போட்ட சில மாதங்களுக்குள், அப்போது சுற்றிக்கொண்டிருந்த வகை வைரஸை வைத்து எடுத்தது. மூக்கிலும் தொண்டையிலும் இருக்கும் எதிர்ப்பு சில மாதங்களில் இறங்கிவிடும், வைரஸும் உருமாறும். கடுமையான நோயிலிருந்தும் மரணத்திலிருந்தும் கிடைக்கும் பாதுகாப்பு அதைவிட நாள் நிற்கும்.

ஆறடி தள்ளி நின்றால் போதுமா?

திறந்த வெளியில் பரவாயில்லை. மூடிய அறையில் போதாது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2020 மார்ச் 10ஆம் தேதி ஒரு பாட்டுக்குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர், நோய் கண்டவர்கள் 53 பேர், அதில் இரண்டு பேர் இறந்தார்கள். பாடும்போதும் சத்தமாகப் பேசும்போதும் வாயிலிருந்து வரும் நுண்துளிகள் சிகரெட் புகை மாதிரி அறை முழுக்கச் சுற்றும், ஆறடியில் கோடு போட்டால் அங்கே நிற்காது. ஜன்னலைத் திறங்கள், முடிந்தால் எதிர்ப்பக்கத்து ஜன்னலையும் சேர்த்து. சாமான்களைத் துடைத்துத் துடைத்து நாம் போக்கிய நேரத்தில் பாதியைக் காற்றோட்டத்துக்குக் கொடுத்திருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றும்.

அடுத்த பெருந்தொற்று எப்போது வரும்?

1918, 1957, 1968, 2009, 2020. இடைவெளியில் ஏதாவது ஒழுங்கு தெரிகிறதா? எனக்குத் தெரியவில்லை. தேதி சொல்லும் யூடியூப்காரருக்கும் தெரியாது.

சோப்பா, சானிட்டைசரா? ஒரே வரியில் சொல்லவும்.

ஒரே வரியில் முடியாது, மூன்று வரி கொடுங்கள். தண்ணீர் இருந்தால் சோப்பு, 20 விநாடி, கட்டைவிரலையும் விரல் நுனியையும் விட்டுவிடாமல். வெளியே என்றால் 60 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹால் உள்ள சானிட்டைசர், ஈரம் காயும்வரை தேய்க்க வேண்டும், பாதியில் சட்டையில் துடைக்கக்கூடாது. வீட்டில் யாருக்காவது வாந்தியும் வயிற்றுப்போக்கும் என்றால் சானிட்டைசரை நம்ப வேண்டாம், நோரோவைரஸுக்கு அது சரியாக வேலை செய்யாது, சோப்பும் தண்ணீரும்தான்.