லிப்ரேஆபிஸுக்கு ஆண்டுக் கட்டணமா?

கேள்வி: விருதுநகரில் தட்டச்சு, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சர்வீஸ்காரர் மூன்று கணினிகளில் ஆவணம், கணக்குத்தாள் செய்யும் லிப்ரேஆபிஸ் மென்பொருளைப் போட்டுக் கொடுத்துவிட்டு, ஆண்டுதோறும் லைசென்ஸ் புதுப்பிக்கக் கணினிக்கு 1,500 ரூபாய் கேட்கிறார். கட்ட வேண்டுமா? நிரல் எழுதத் தெரியாத நான் இந்த மென்பொருளுக்கு ஏதாவது உதவ முடியுமா?

பதில்: கட்டாதீர்கள். லிப்ரேஆபிஸுக்குப் புதுப்பிக்க வேண்டிய உரிமமே கிடையாது. கடையில் வைத்துச் சம்பாதிக்கலாம். எத்தனை கணினிகளிலும் போடலாம். வந்து போட்டுக் கொடுத்ததற்குக் கூலி கேட்டால் கொடுங்கள், அது நியாயம். 'லைசென்ஸ் கட்டணம்' என்று ரசீது எழுதித் தரச் சொல்லுங்கள், பேச்சு மாறிவிடும்.

ஒன்றைக் கண்டு குழம்ப வேண்டாம். மைக்ரோசாப்ட் ஸ்டோரிலும் ஆப்பிளின் ஆப் ஸ்டோரிலும் இதே லிப்ரேஆபிஸ் விலைக்குக் கிடைக்கிறது. அது மோசடி இல்லை. இதன் பின்னால் இருக்கும், ஜெர்மனியில் பதிவான தி டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளையே அங்கே விற்கிறது. மூல நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் விடும் திறமூல உரிமம் விற்பனையைத் தடுப்பதில்லை. ஆனால் அதே மென்பொருள் அறக்கட்டளையின் சொந்தத் தளத்தில் இலவசம். ஆகவே விற்பவர் எல்லாரும் திருடர் இல்லை. ஆண்டுதோறும் 'லைசென்ஸ்' கேட்டு வருபவரைத்தான் வாசலிலேயே நிறுத்த வேண்டும். பதிவிறக்கும்போது வரும் நன்கொடைப் பக்கத்தையே கட்டணப் பக்கம் என்று காட்டிக் காசு பார்ப்பவர்களும் உண்டு. தேடலில் விளம்பரமாக மேலே வரும் இணைப்புகளைத் தொடவே தொடாதீர்கள்.

உதவ நிரல் தெரிய வேண்டியதில்லை. தமிழ் மொழிபெயர்ப்பில் சேரலாம். அதைவிட, நாள் முழுதும் தமிழ் தட்டச்சு செய்யும் உங்கள் கண்ணில் படும் பிழைகளுக்கு மதிப்பு அதிகம். பிடிஎஃப் ஆக்கும்போது கொம்பு இடம் மாறுகிறதா? எந்தப் பதிப்பு, எந்த எழுத்துரு, என்ன செய்தபோது என்ன ஆயிற்று என்று எழுதி, மாதிரிக் கோப்புடன் அறக்கட்டளையின் இணையப் பிழைப் பதிவேட்டில் சேர்த்துவிடுங்கள். 'சரியாக வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால் யாராலும் திருத்த முடியாது.

அரசு அலுவலகப் படிவம் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் திறந்தால் அது லிப்ரேஆபிஸின் பிழை இல்லை. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் யாரோ தட்டியது. திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை என்று மத்திய அரசு 2015-இலேயே கொள்கை வெளியிட்டாயிற்று. படிவம் ஏற்றும் மேசைக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை.

பிழைப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வாடிக்கையாளரின் பத்திரத்தை அப்படியே இணைத்துவிடாதீர்கள். பெயர், ஆதார் எண், கைப்பேசி எண் எல்லாவற்றையும் நீக்கி, சிக்கல் தெரியும் இரண்டு வரிகளை மட்டும் வைத்து அனுப்புங்கள்.